குக்கரும் மிக்ஸியும் வாங்கும் முன்: முத்திரை படிப்பதிலிருந்து முறையீடு வரை

எங்கள் வீட்டு மிக்ஸி பதினான்காவது மாதத்தில் புகைந்தது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, அதிரசத்துக்கு ஊறி உலர்ந்த பச்சரிசியை அரைத்துக்கொண்டிருந்தோம். முதலில் வார்னிஷ் கருகும் வாசம், பிறகு ஜாரில் ஒரு முனகல், அவ்வளவுதான். "ஐஎஸ்ஐ முத்திரை பார்த்துத்தானே வாங்கினோம்?" என்று மனைவி கேட்டாள். பார்த்துத்தான் வாங்கினோம். அந்த முத்திரை எதற்கு உறுதி சொல்கிறது என்பதைத்தான் நான் பார்க்கவில்லை.

அடுத்த தவறு இன்னும் பெரியது. பண்டிகை அவசரத்தில் தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுத்தேன். அவர் திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு, "மோட்டார் போய்விட்டது சார், கம்பெனிக்கே கொண்டுபோங்கள்" என்றார். கம்பெனி சர்வீஸ் மையத்தில் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "சீல் உடைந்திருக்கிறது, வாரண்டி கிடையாது." இரண்டு வருட வாரண்டியில் பத்து மாதம் மீதமிருந்தது.

அன்று பட்டது இப்போது உறவினர்களுக்குப் பயன்படுகிறது. யார் வீட்டில் கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுத்தாலும் கூட வரச் சொல்கிறார்கள். கடையில் நான் பார்க்கும் வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு

வீட்டுப் பொருள்களுக்கான இந்தியத் தரநிலைகள் பெரும்பாலும் பாதுகாப்பைப் பற்றியவை. ஷாக் அடிக்கக் கூடாது, தீப்பிடிக்கக் கூடாது, வெடிக்கக் கூடாது, சொன்ன வேலையைச் செய்ய வேண்டும். பொருள் எட்டு வருடம் உழைக்குமா, எட்டு மாதத்தில் படுத்துவிடுமா என்பதற்கு அவற்றில் பெரும்பாலானவை பதில் சொல்வதில்லை. எனவே பாதுகாப்பை முத்திரையில் சரிபார்க்க வேண்டும். உழைப்பை நாமே கையால் சோதிக்க வேண்டும். முத்திரை இல்லாத பொருளுக்கு இரண்டாவது சோதனையே தேவையில்லை, கீழே வைத்துவிடலாம்.

படி 1: முத்திரையை முழுதாகப் படியுங்கள்

ஐஎஸ்ஐ என்ற மூன்றெழுத்தைப் பார்த்ததும் திருப்தியடைந்துவிடுகிறோம். அந்தப் பெயரில் 1947இல் தொடங்கிய நிறுவனம் 1987இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பாக, அதாவது பிஐஎஸ் ஆக, மாறிவிட்டது. பழைய பெயர் முத்திரையில் மட்டும் வாழ்கிறது.

முத்திரைக்கு மேலே ஓர் எண் இருக்க வேண்டும். அது தரநிலையின் எண்: பிரஷர் குக்கர் என்றால் ஐஎஸ் 2347, மிக்ஸி என்றால் ஐஎஸ் 4250, கேஸ் அடுப்பு என்றால் ஐஎஸ் 4246. முத்திரைக்குக் கீழே ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். மேலும் கீழும் எண் இல்லாமல் நடுவில் மூன்றெழுத்து மட்டும் இருந்தால் அது வெறும் படம், யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

இனி கைப்பேசியை எடுங்கள். ‘பிஐஎஸ் கேர்’ என்ற செயலியில் உரிம எண்ணை இட்டால் உரிமம் யாருடையது, எந்தப் பொருளுக்கு, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பது வரும். பெட்டியில் உள்ள தயாரிப்பாளர் பெயரும் செயலி காட்டும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். எண் சரியாக இருந்தும் அது வேறொரு பொருளுக்கான உரிமமாக இருப்பதுண்டு. அதனால் பெயரோடு நிறுத்தாமல் தரநிலை எண்ணையும் ஒப்பிடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், ஒரு நிமிட வேலைதான்.

சார்ஜர், பவர் பேங்க், எல்இடி பல்பு போன்றவற்றில் ஐஎஸ்ஐ முத்திரையைத் தேடாதீர்கள். அவை கட்டாயப் பதிவுத் திட்டத்தில் வருபவை. ‘ஆர்’ என்ற எழுத்தும் எட்டு இலக்க எண்ணும் இருக்கும், அதையும் அதே செயலியில் பார்க்கலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்திருப்பது நல்லது. ஐஎஸ்ஐ உரிமத்துக்குத் தொழிற்சாலைக்கே ஆய்வாளர் வருவார். பிறகு கடைகளிலிருந்தும் மாதிரிகள் எடுக்கப்படும். பதிவுத் திட்டத்தில் தயாரிப்பாளர் ஆய்வக அறிக்கையைக் காட்டித் தன் பொருள் தரநிலைக்கு உட்பட்டது என்று தானே உறுதி கூறுகிறார்.

இணையத்தில் வாங்குபவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள், படத்தில் கீழ்ப்பாகம் தெரியாதே. வீட்டுப் பிரஷர் குக்கருக்கு ஐஎஸ்ஐ முத்திரை 2021 பிப்ரவரி முதல் கட்டாயம். அதற்குப் பிறகும் முத்திரையில்லாத குக்கர்கள் இணையத்தில் விற்றன. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு பெரிய விற்பனைத் தளத்துக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அதன் வழியாக விற்ற 2,265 குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. எனவே பார்சல் வந்த அன்றே புரட்டிப் பாருங்கள், முத்திரை இல்லையென்றால் அன்றே திருப்பி அனுப்புங்கள்.

படி 2: பெட்டியில் உள்ள மற்ற முத்திரைகளுக்கு மயங்காதீர்கள்

‘ஐஎஸ்ஓ 9001 சான்று பெற்ற நிறுவனம்’ என்று தங்க நிறத்தில் அச்சடித்திருப்பார்கள். அது நிறுவனத்தின் நிர்வாக முறைக்கான சான்று, உங்கள் கையில் உள்ள மிக்ஸியை யாரும் சோதித்ததாக அர்த்தமில்லை. ‘சிஇ’ குறி ஐரோப்பியச் சந்தைக்காகத் தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்வது. நட்சத்திரக் குறியீடு மின்சாரச் சிக்கனத்தைச் சொல்லும். ஐந்து நட்சத்திர ஃபேன் ஐந்து மடங்கு உழைக்கும் என்று ஒருவர் எனக்கே விற்கப் பார்த்தார்.

பாத்திரத்தில் ஓட்டும் காந்தச் சோதனையும் இந்த வகைதான். காந்தம் ஒட்டவில்லையென்றால் நல்ல ஸ்டீல் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். உயர்ந்த 304 வகையிலும் காந்தம் ஒட்டாது, விலை குறைந்த 202 வகையிலும் பெரும்பாலும் ஒட்டாது. இரண்டையும் காந்தத்தால் பிரிக்க முடியாது. இண்டக்ஷன் அடுப்புக்கான பாத்திரத்தின் அடியிலோ காந்தம் ஒட்டியே ஆக வேண்டும்.

படி 3: ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

தரநிலை நூல்களில் மூன்று விதமான சோதனைகள் வரும். வகைச் சோதனை என்பது அந்த மாடலின் வடிவமைப்பையே பரீட்சித்துப் பார்ப்பது. சில மாதிரிகளை எடுத்து, உடைத்தோ எரித்தோ வெடிக்க வைத்தோ பார்ப்பார்கள். ஏற்புச் சோதனையில் ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் சில உருப்படிகள் எடுக்கப்படும். அன்றாடச் சோதனை ஒவ்வொரு உருப்படிக்கும் நடக்க வேண்டும். மின்சாதனம் என்றால் எர்த் இணைப்பு, மின்காப்பு போன்றவை. உங்கள் கைக்கு வரும் குக்கர் வெடிப்புச் சோதனையைக் கடந்தது கிடையாது, அதன் அண்ணன் தம்பிகளில் யாரோ கடந்தார்கள். தொழிற்சாலை ஒழுங்காக ஒரே மாதிரி செய்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைக் கடையிலேயே பார்க்க ஒரு வழி உண்டு, அடுத்த படியில் வருகிறது.

யாராவது ‘ஆய்வகத்தில் சோதித்தது’ என்று அறிக்கையை நீட்டினால், அந்த ஆய்வகத்துக்கு என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா, அறிக்கையில் உள்ள மாடல் எண் இதுதானா என்று மட்டும் பாருங்கள்.

படி 4: குக்கரைக் கையால் சோதிப்பது

திருநெல்வேலி டவுன் ரத வீதியில் ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சியிடம் கற்றுக்கொண்டது இது. ஐந்து லிட்டர் குக்கர் கேட்டேன். அவர் மூடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, குக்கரைக் கண்ணாடி மேசையில் நிறுத்தி விளிம்பை இரு விரலால் அழுத்தினார். லேசாக ஆடியது. "அடி சமமில்லை தம்பி, தீ ஒரு பக்கம்தான் பிடிக்கும்" என்று அதை உள்ளே அனுப்பி வேறொன்று எடுத்தார். அது ஆடவில்லை. பிறகு, அதே மாடலில் இன்னொரு குக்கரின் மூடியை எடுத்து இதற்குப் போட்டுத் திருப்பினார். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. "எந்த மூடியும் எந்தக் குக்கருக்கும் உட்கார வேண்டும். உட்காரவில்லையென்றால் அச்சு தேய்ந்த பிறகும் அடித்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம்." தரக் கட்டுப்பாடு பற்றி நான் கேட்ட மிக நல்ல பாடம் அதுதான்.

இந்தப் பொருத்தம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. வீட்டுக் குக்கரில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ. அதனால்தான் உள்ளே தண்ணீர் 120 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிறது. மூடியின் விட்டம் 18 சென்டிமீட்டர் என்றால் அதன் பரப்பு சுமார் 254 சதுர சென்டிமீட்டர். அதாவது மூடியை உள்ளிருந்து தள்ளும் விசை சுமார் 250 கிலோ. ஐம்பது கிலோ அரிசி மூட்டை ஐந்தை அந்தச் சின்ன மூடி தாங்கிக்கொண்டு நிற்கிறது. உள்மூடி வகையில் இந்த விசை மூடியை விளிம்போடு இன்னும் இறுக்கும். அழுத்தம் இருக்கும்வரை திறக்கவே வராது. வெளிமூடி வகையில் விளிம்பின் பற்கள் மொத்தத்தையும் தாங்க வேண்டும். வெளிமூடி எடுப்பவர்கள் பற்கள் தடிமனாக, பிசிறில்லாமல் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

மூடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வெயிட் உட்காரும் குழாய் வழியே வெளிச்சம் நேராகத் தெரிய வேண்டும். பருப்புத் தோல் அடைத்துக்கொள்ளும் இடம் அதுதான். அது அடைத்துவிட்டால் அடுத்த காவல் சேஃப்டி வால்வு. அதன் நடுவில் குறைந்த வெப்பத்திலேயே உருகும் உலோகம் வைத்திருப்பார்கள். வெப்பம் எல்லை மீறினால் உருகி ஆவிக்கு வழிவிடும். அது உருகிப்போன வீட்டில் ‘இனி வராமல் இருக்க’ என்று ஆணியை அடித்து அடைத்ததையும் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் சாப்பிட உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை. அதே கம்பெனி வால்வு, அதே கம்பெனி கேஸ்கெட், இதில் சிக்கனம் கூடாது. வாங்கும்போதே கேளுங்கள்: கேஸ்கெட் தனியாக இந்தக் கடையில் கிடைக்குமா? "வரவழைத்துத் தருகிறேன்" என்றால் வேறு மாடல் பாருங்கள்.

இன்னொன்று, ஐந்து லிட்டர் என்பது மொத்தக் கொள்ளளவு. மூன்றில் இரண்டு பங்கு வரைதான் நிரப்பலாம், பருப்பு போலப் பொங்குபவை என்றால் பாதி. ஆறு பேர் வீட்டுக்கு மூன்று லிட்டர் வாங்கி ஒவ்வொரு நாளும் கழுத்துவரை நிரப்பினால், எந்தத் தரநிலையும் காப்பாற்றாது.

படி 5: மிக்ஸி, கூடவே எல்இடி பல்பு

‘750 வாட்’ என்பது மோட்டார் எடுத்துக்கொள்ளும் மின்சாரம். எவ்வளவு நன்றாக அரைக்கும் என்பதை அது சொல்லாது. பிளேடின் வடிவம், ஜாரின் உள்வரிகள், சுற்றுவேகம் எல்லாம் அதில் சேர்ந்தவை. ‘30 நிமிட ரேட்டிங்’ என்று இருப்பதை அரை மணி நேரம் ஒரே மூச்சில் ஓட்டலாம் என்று படித்துவிடாதீர்கள். ஓட்டி, நிறுத்தி, ஓட்டி, நிறுத்தி வரும் கணக்கு அது. எவ்வளவு ஓட்டி எவ்வளவு நிறுத்த வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். எங்கள் அதிரச மாவு மிக்ஸியின் கதை முடிந்தது இந்த ஒரு வரியைப் படிக்காததால்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

உள்ளே இருப்பது தாமிரச் சுருளா, அலுமினியச் சுருளா? அலுமினியம் தாமிரத்தைவிட மின்தடை கூடியது, சீக்கிரம் சூடேறும். வெளியிலிருந்து பார்க்க முடியாது. பெட்டியிலோ கையேட்டிலோ தாமிரம் என்று எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் வாயால் சொல்வது கணக்கில் வராது. ஒரே வாட்டில் இரண்டு மாடல்களை இரு கைகளிலும் தூக்கிப் பாருங்கள். தாமிரம் அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் அடர்த்தி. எடையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, ஆனால் சந்தேகப்பட ஒரு காரணம் கிடைக்கும்.

மிக்ஸியைத் தலைகீழாகத் திருப்புங்கள். அடியில் ஒரு சின்ன பொத்தான், பெரும்பாலும் சிவப்பு: சுமை மீறினால் மின்சாரத்தைத் துண்டிப்பது. அது இல்லாத மிக்ஸி வேண்டாம். காற்று போகும் துளைகள் அடியில்தான் இருக்கும். விரிப்புத் துணி மேல் மிக்ஸியை வைத்து அரைக்கும் பழக்கம் உள்ள வீடுகளில் மோட்டார் ஏன் நீடித்து உழைப்பதில்லை என்பதற்கு விடை அங்கே இருக்கிறது.

கப்ளர் உடைந்தால் கோபப்படாதீர்கள். மேலே ஜாரையும் கீழே மோட்டாரையும் இணைக்கும் அந்தப் பல்சக்கரத்தை வேண்டுமென்றே மோட்டாரைவிடப் பலவீனமாகச் செய்கிறார்கள். ஜார் சிக்கிக்கொண்டால் சில பத்து ரூபாய்ப் பொருள் உடைந்து சில ஆயிரம் ரூபாய் மோட்டார் தப்பும். மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷும் தேய்வதற்கென்றே இருப்பது. கேட்க வேண்டியது, இவையெல்லாம் உங்கள் ஊரில் கிடைக்குமா என்பதை. மிக்ஸி வாங்கும் கடைக்குப் போவதற்கு முன் பழுது பார்க்கும் கடைக்குப் போய், "எந்த மாடலுக்கு உதிரிபாகம் கிடைக்காமல் திண்டாடுகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு டீ செலவில் கிடைக்கும் ஆய்வறிக்கை.

எல்இடி பல்பு வாங்கும்போது பெட்டியில் ‘25,000 மணி நேரம்’ என்று இருக்கும். ஒரு நாளைக்கு ஐந்து மணி என்றால் பதின்மூன்று வருடத்துக்கு மேல் வரும் கணக்கு அது. எல்இடியின் வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் 70 சதவீதமாகக் குறைய எவ்வளவு காலம் ஆகும் என்பதுதான் வழக்கமாக அந்த எண்ணின் அடிப்படை. பல்புக்குள் இருக்கும் டிரைவர் மின்சுற்று அதற்கு முன்பே போய்விடலாம். எனவே மணிக்கணக்கைவிட எத்தனை வருடம் மாற்றித் தருவார்கள் என்பதைப் பாருங்கள்.

படி 6: வாரண்டி அட்டையைக் கடையிலேயே படிக்க வேண்டும்

‘மோட்டாருக்கு 5 வருடம்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். ஜார், பிளேடு, கப்ளர், வாஷர், சுவிட்ச் எதற்கும் இல்லை என்று சிறிய எழுத்தில் இருக்கும். கெட்டுப்போகிறவை பெரும்பாலும் இரண்டாவது பட்டியலில்தான். வணிகப் பயன்பாடு கூடாது என்ற வரி இருந்தால், வீட்டில் மாவு அரைத்து விற்பவர்கள் அதற்கேற்ற மாடலை எடுப்பது நல்லது.

பில்லைக் கையோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது தரும் வெப்பத்தாள் ரசீது அலமாரிக்குள் இருக்கும்போதே வெள்ளையாகிவிடும். பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் எழுதச் சொல்லுங்கள். ‘மிக்ஸி - 1’ என்று மட்டும் எழுதிய பில் பிறகு எதையும் நிரூபிக்காது.

படி 7: முதல் வாரம்

பெட்டியை எறிந்துவிடாதீர்கள். மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் பொருளை அதன் உண்மையான வேலையில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். சீராக வாங்கிப் பரணில் வைத்து ஆறு மாதம் கழித்துப் பிரிப்பதுதான் நம் வழக்கம். அது விற்றவருக்கு மிகவும் வசதியான வழக்கம்.

குக்கரில் முதலில் தண்ணீர் மட்டும் கால் பங்கு ஊற்றி விசில் வரவிடுங்கள். விளிம்பிலோ கைப்பிடி ஓரத்திலோ ஆவி கசிந்தால் மூடியைக் குளிரவைத்து, கேஸ்கெட்டைச் சரிசெய்து இன்னொரு முறை. அப்போதும் கசிந்தால் கடைக்கு. மிக்ஸியில் மூன்று ஜார்களையும் ஓட்டுங்கள்: ஒன்றில் தேங்காய்ச் சட்னி, ஒன்றில் காய்ந்த மிளகாய், ஒன்றில் வெறும் தண்ணீர். முதல் ஓரிரு தடவை லேசான வார்னிஷ் வாசம் வரும், பயப்பட வேண்டாம். தொடர்ந்து வந்தால்தான் பிரச்சினை. தண்ணீர் ஓடிய ஜாரைத் தூக்கி அடியைக் காகிதத்தால் துடையுங்கள். கறுப்பு ஈரம் பட்டால், ஜாரின் அடியில் பிளேடின் அச்சைத் தாங்கும் புஷ் கசிகிறது, அன்றே மாற்றுங்கள். கடைசியாக பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை; கை வைக்க முடியாத சூடு என்றால் பிளக்கோ சாக்கெட்டோ தளர்ந்திருக்கிறது.

படி 8: கெட்டுப்போனால்

திறக்காதீர்கள், திறக்க விடாதீர்கள். நான் செய்ததைச் செய்யாதீர்கள். கெட்ட நிலையில் ஓடும்போதே காணொளி எடுத்துக்கொண்டு, நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்குங்கள். தொலைபேசியில் பேசியது மட்டும் போதாது.

பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. முத்திரை பெற்ற பொருள் தரமில்லை என்றாலோ, முத்திரையே போலி என்றாலோ பிஐஎஸ் கேர் செயலியிலேயே புகார் பதியலாம். அதுவும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

சோதித்தால்தான் குறை தெரியும் என்ற நிலை வந்தால், ஆணையமே பொருளை வாங்கி சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும். ஆய்வகம் 45 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். ஆய்வுக் கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும், எனவே வழக்குத் தொடுக்கும் முன்பே பொருளின் விலையையும் இதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். அந்த அறிக்கைக்கு மதிப்பு இருக்க வேண்டுமானால் பொருள் கெட்ட நிலையிலேயே, திருகாணி திரும்பாமல், அதன் பெட்டிக்குள் இருக்க வேண்டும். எங்கள் பழைய மிக்ஸி இன்னும் பரணில் இருக்கிறது, திருகாணிகள் தனியாக ஒரு காகிதப் பொட்டலத்தில்.